வரிசையில் வந்த மகள்

நெய்னா முகம்மது கல்வித் துணை அமைச்சரானபோது, சிராங்கூன் சாலையில் அவரைத் தெரிந்தவர்களும் தெரிந்ததாகச் சொல்லிக்கொண்டவர்களும் மாறி மாறிப் பொன்னாடை போர்த்தினார்கள். அதற்கு முன் வெகுகாலம் அவர் பேராசிரியர். அப்போதெல்லாம் அதே சாலையில் மீன்கறிச் சோறு சாப்பிட்டுவிட்டு, யார் கண்ணிலும் படாமல் பஸ் ஏறிப் போய்விடுவார். இப்போது சோறு வருவதற்கு முன்னால் ஆள் வந்துவிடுகிறது. ஒருவருக்குப் பேத்திக்குப் பக்கத்துப் பள்ளியில் இடம் வேண்டும், இன்னொருவருக்கு மருமகனின் இடமாற்றம் ரத்தாக வேண்டும். பதவிக்கு வந்த ஆறு வருஷத்தில் அவர் சூடாகச் சாப்பிட்ட மதியச் சோற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பேராசிரியராக இருந்தபோது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே விஷயம். ஒரு வகுப்பில் இருபத்தைந்து பிள்ளைகளுக்கு மேல் கூடாது, வாத்தியாரைப் பாடம் நடத்த விடுங்கள், அறிக்கை எழுத வைத்துக் கொல்லாதீர்கள். புத்தகம் எழுதினார், வானொலியில் பேசினார், கல்யாண வீட்டில் பிரியாணிக்கு நடுவிலும் விடமாட்டார். வெளியில் நின்று இத்தனை வருஷம் குறை சொல்கிற மனுஷனை என்ன செய்வது? உள்ளே கூப்பிட்டு, தேர்தலில் நிறுத்தி, நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அவரும் நம்பித்தான் போனார்.

உள்ளே அவரை யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் வினை. எல்லோரும் தலையாட்டினார்கள். நல்ல யோசனை சார், ஆசிரியர்கள் போதாது சார், அடுத்த வருஷம் பார்க்கலாம் சார் என்றார்கள். மறுக்கிறவர்களோடு மல்லுக்கட்டலாம், தலையாட்டுகிறவர்களோடு எப்படிக் கட்டுவது? மெல்ல மெல்ல அவர் வாயிலும் ‘படிப்படியாக’ என்ற சொல் ஒட்டிக்கொண்டது. இப்போது அது தூக்கத்திலும் வருகிறது என்று மனைவி நஃபீசா சொல்கிறாள்.

மகள் அமீரா அத்தாவின் பேச்சைக் கேட்டே வளர்ந்தவள். பொறியியலுக்குக் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு ஆசிரியரானாள். புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறாள், அங்கேயே தனியாக வாடகை வீட்டில் இருக்கிறாள். சில மாதமாக அவள் குரலே சரியில்லை. “ஒருநாள் அவகூட உட்கார்ந்து பேசுங்க” என்று நஃபீசா சொல்லிக்கொண்டே இருந்தாள். பேசுகிறேன், பேசுகிறேன் என்று இவரும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வாரத்தில் ஒரு மாலை, புக்கிட் மேராவில் ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு அவர் தொகுதி மக்களைச் சந்திப்பார். யார் வேண்டுமானாலும் எண் சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருந்து, தங்கள் குறையைச் சொல்லலாம். அன்று மேல்வீட்டு ஒழுகல், லிஃப்ட் தகராறு என்று வரிசையாகக் கேட்டு அவர் கண் எரிந்தது. புதிதாகச் சேர்ந்த தொண்டர் அழகேசன் அடுத்தவரைக் கூப்பிட்டார். நிமிர்ந்து பார்த்தால் அமீரா. தோளில் பள்ளிப் பை, கையில் எண் சீட்டு.

“நீ எங்கம்மா இங்க? வீட்ல பேசலாமே.”

“வீட்ல நீங்க எங்க இருக்கீங்க அத்தா? இங்கதான் கன்ஃபர்மா இருப்பீங்க லா.” சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

உட்கார்ந்ததும் சொன்னாள். “என் கிளாஸ்ல முப்பத்தெட்டு பிள்ளைங்க. ஒரு பொண்ணுக்கு இன்னும் சரியா வாசிக்க வரல. வருஷ ஆரம்பத்துலேர்ந்து அவ பக்கத்துல உட்காரணும்னு பாக்குறேன், முடியல. மார்க்கிங், மீட்டிங், ரிப்போர்ட். நேத்து அவ கேள்வி கேட்டா, நான் கத்திட்டேன். எனக்கே பயமாயிடுச்சு.”

அவர் பேனாவை மூடி வைத்தார்.

“நான் மினிஸ்டர்கிட்ட வரல அத்தா. புரொபசர்கிட்ட கேக்குறேன். இது மாறுமா? மாறும்னு நீங்க சொன்னா இருக்கேன். இல்லன்னா ரிசைன் பண்ணிடுறேன்.”

நெய்னா முகம்மது வாயைத் திறந்தார். “உங்க சிரமம் எங்களுக்கு நல்லா புரியுது. ஆசிரியர்களோட பணிச்சுமையைப் படிப்படியா குறைக்க நாங்க...”

பாதியில் நிறுத்திக்கொண்டார். பெற்ற மகளிடம் அதே பாட்டைப் பாடிவிட்டார். அமீரா கையிலிருந்த சீட்டை மடித்தாள்.

“ஓகே அத்தா. பின்னால நிறைய பேர் வெயிட் பண்றாங்க” என்று எழுந்து போனாள். கோபம்கூட இல்லை அவள் முகத்தில். அதுதான் அவரை வதைத்தது.

அழகேசன் அடுத்த எண்ணைச் சொன்னார். ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டு அவர் எழுந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த வரிசையைக் காக்க வைத்தது அன்றுதான்.

அமீரா பஸ் நிறுத்தத்தில் இருந்தாள். மூச்சு வாங்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மாறாதும்மா,” என்றார். “நான் அங்க இருக்கிற வரைக்கும் மாறாது. அதுக்கப்புறமும் சந்தேகம்தான். நீ வந்துடு.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப நீங்க ஏன் அத்தா இன்னும் இருக்கீங்க?”

“எந்திரிக்கத் தெம்பில்லம்மா.”

பஸ் வந்தது. அவர் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு ஏறிப் போனாள். அவர் திரும்பி வந்து, மிச்சமிருந்த எல்லோரையும் பார்த்து முடித்தார்.

மறுநாள் காலை புதிய தமிழாசிரியர்களுக்கு வரவேற்பு விழா. மண்டபம் நிறைய அமீராவின் வயதுப் பிள்ளைகள். இந்தப் பணியில் நிலைத்திருங்கள், உங்களை நம்பித்தான் அடுத்த தலைமுறை இருக்கிறது என்று நெய்னா முகம்மது பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். வழக்கம்போலப் பொன்னாடை போர்த்தினார்கள்.

இறங்கும்போது இளமதி என்ற பெண் படம் எடுத்துக்கொள்ள ஓடி வந்தாள். “சார், உங்க புக் படிச்சுட்டுத்தான் நான் டீச்சிங்குக்கே வந்தேன். ஒரு கிளாஸுக்கு இருபத்தஞ்சு பிள்ளைங்கன்னு எழுதியிருந்தீங்களே, அது வரும்தானே சார்?”

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. நேற்று மகளுக்குச் சொல்ல முடிந்ததை ஊரார் வீட்டுப் பெண்ணுக்குச் சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

“படிப்படியா வரும்மா,” என்றார்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்க்க மாட்டாமல் அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.