தோளில் மிச்சமிருக்கும் கை

ஒரு படத்திலிருந்து ஆளை அழித்துவிட்டு, அவன் கையை மட்டும் மறந்துபோய் விட்டுவைத்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் இன்று காலைதான் பார்த்தேன். வேலை விண்ணப்பத்துக்கு என் நல்ல படம் ஒன்று வேண்டியிருந்தது. முன்பு வேலை பார்த்த சீனக் கம்பனியின் இணையப் பக்கத்தில் தேடினால், எங்கள் ஊர் குறிஞ்சிப்பிட்டியின் ஐஸ் இயந்திரத் திறப்பு விழாப் படம் கிடைத்தது. நான் நிற்கிறேன், இரவல் கோட் போட்டு, பல்லெல்லாம் தெரிய. என் இடது தோளில் யாருடையவோ விரல்கள். விரல்களுக்குப் பின்னால் ஆளில்லை. அந்த இடத்தில் ஒரு தென்னை முளைத்திருக்கிறது.

விரல்கள் லியாங்குடையவை. சீனாவில் ஒரு மாகாணத்தின் துணை ஆளுநர். அந்த மாகாணத்தில்தான் நான் புலமைப்பரிசிலில் படித்தேன். படித்தேன் என்பது பெரிய வார்த்தை. நூடில்ஸ் கடைக்காரியோடு சண்டை பிடிக்குமளவுக்குச் சீனம் வந்தது. அதை வைத்தே கம்பனியில் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலையே, அந்த இயந்திரத்தைத் திறந்துவைக்க லியாங் எங்கள் கல்பிட்டிப் பக்கம் வந்த பயணம்.

கரையெல்லாம் கருவாட்டு வாடை. கொழும்பிலிருந்து வந்தவர்கள் மூக்கைப் பொத்த, இந்த மனுஷன் வாகனத்தை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு கட்டா மீன் கருவாட்டைத் தூக்கி மணந்து பார்த்தார். அவருடைய தகப்பனும் கருவாடு போட்டவராம். மீசை முளைக்குமுன் மீன்பிடி அலுவலகத்தில் கிளார்க், பிறகு மாவட்டச் செயலாளர், பிறகு மேயர், பிறகு மாகாணம். அடுத்தது தலைநகரம்தான் என்று கூடவந்தவர்கள் என் காதில் ஓதினார்கள்.

பகல் சாப்பாடு என் சாச்சா வீட்டில். சாச்சா வாப்பாவின் தம்பி, ஊர் மீனவர் சங்கத் தலைவர். எங்கள் பக்கம் விருந்தென்றால் சஹன்தான்: பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, எல்லோரும் சுற்றியிருந்து ஒன்றாகக் கைவைப்பது. லியாங்குக்குத் தனிக் கோப்பையும் கரண்டியும் வைத்திருந்தோம். அவர் அதைத் தள்ளிவிட்டு சஹனில் கையைப் போட்டார். சோறு பாதி மடியில் விழுந்தது. சாச்சா தன் பக்கத்து இறைச்சியை எடுத்து அவர் பக்கம் வைத்தார். அதோடு அவர் எங்கள் ஆள்.

அதுவரை எங்களுக்கு ஐஸ் சிலாபத்திலிருந்து லொறியில் வரும். லொறி பிந்தினால் மீன் பழுது. லியாங் தந்த இயந்திரம் வந்தபிறகு யாரும் லொறியைப் பார்த்து ரோட்டில் நிற்கவில்லை. இயந்திர அறைச் சுவரில் அவர் படமும் பெயருமாக ஒரு பலகை மாட்டினோம்.

பிறகு ஒருநாள், ஒழுங்கு மீறியதற்காக லியாங் மீது விசாரணை என்று சீனச் செய்தியில் ஒரே வரி. பின்னேரத் தேத்தண்ணிக்குள் எங்கள் கம்பனி ஒபீஸில் அவர் படம் இல்லை. லஞ்சம் வாங்கியதாகக் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார், ஆயுள் சிறை. வாங்கியிருப்பார். அவருக்காக வழக்குப் பேச நான் வரவில்லை.

இயந்திரம் நல்ல மீன் காலத்தில்தான் நின்றது. நான் கம்பனியை விடாமல் அரித்து ஒரு பொறியியலாளரை வரவழைத்தேன். அவர் உள்ளே வந்தார், பலகையைப் பார்த்தார், திறந்த கருவிப் பெட்டியை மூடினார். திருத்தியதைப் படமெடுத்துத் தலைமைக்கு அனுப்ப வேண்டும், அந்த முகம் இருக்கும் அறையில் தன்னால் வேலை செய்ய முடியாது என்றார். அவருக்கு அன்றிரவே விமானம். அவர் போனால் இந்த இயந்திரத்துக்கு வேறு ஆள் வரமாட்டான்.

லியாங் பதவி போய்ச் சிறையில் இருக்கிறார், பலகையைக் கழற்றினால்தான் வேலை நடக்கும் என்று சாச்சாவிடம் சொன்னேன். அவர் அசையவில்லை.

"தோத்தா என்ன மகன்? நம்மட ஆக்கள் மறியலுக்குப் பெய்த்து மாலையோட வாறல்லயா? அடுத்த எலக்சன்ல அவரும் வருவாரு."

"அங்க எலக்சன் இல்ல சாச்சா."

"எலக்சனே இல்லாம எப்பிடித் தோத்த?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. பொறியியலாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் விடுகிறதாக இல்லை. ஐஸ் வேணுமா, பலகை வேணுமா, ரெண்டிலொன்று சொல்லுங்க என்று குரலை உயர்த்தினேன். சாச்சாவிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல்தரம். வெளியே நின்ற படகுக்காரர் எல்லோரும் வாசலில் வந்து கூடினார்கள்.

சாச்சா சீனனின் பெட்டியைத் தானே திறந்து ஸ்குரூ ட்ரைவரை எடுத்தார்.

"ஒத்தனும் தொடப்படாது. ஒரு சஹன்ல திண்ட மனுஷன். என்ட வூட்டுக்கு வந்தவரு, என்ட வூட்டுக்கே வரட்டும்."

பலகையைக் கழற்றி, தோளில் கிடந்த துவாயில் சுற்றிக்கொண்டு நடந்தார். அவர் வாசலைத் தாண்டும்வரை பொறியியலாளர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைக் கையை மடித்தார்.

கம்பனியின் கல்பிட்டி ஒபீஸ் இப்போது பட்டம் கட்டிக் கடலில் சறுக்கும் வெள்ளைக்காரருக்கான ஹோட்டல். பொறியியலாளரின் நம்பர் வேலை செய்வதில்லை. லியாங்கின் பெயரை அவருடைய மாகாணத்துப் பக்கத்திலேயே தேடினாலும் ஒன்றும் வருவதில்லை. விண்ணப்பத்துக்குப் படத்தைத் தோளோடு வெட்டி அனுப்பச் சொல்கிறான் கூட்டாளி. வெட்டமாட்டேன். கையோடுதான் போகும்.

பலகை சாச்சா வீட்டு ஹோலில், மணிக்கூட்டுக்குக் கீழே தொங்குகிறது. இயந்திரம் ஓடுகிறது.