பசை மேஜையில் சொல்லாதது

பசையக்கா என்றால்தான் செருப்புப் பட்டறையில் அவளைத் தெரியும். செருப்பின் அடிப்பாகத்தில் பசை தடவி ஒட்டுவது வேலை. காற்று பட்டால் பசை சீக்கிரம் காய்ந்துவிடும் என்று ஜன்னல்களை இறுகச் சாத்தியிருப்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரம் தலை சுற்றும். அப்புறம் பழகிவிடும், பழகிவிட்டதையே பெரிய கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிக்கொள்வார்கள்.

வயிறு தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் ஐந்து மாதம்வரை அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கேட்க வேண்டும், கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். மதியத்துக்கு டீயும் பன்னும். வந்த வாந்தியை விழுங்கிக்கொண்டு, எப்படியோ சமாளித்துவிட்டதாக நினைத்தாள்.

மகள் முதுகில் ஒரு கட்டியோடு பிறந்தாள். தண்டுவடம் சரியாக மூடவில்லையாம். ஆபரேஷன் செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். கால்கள் மட்டும் அசையவில்லை. "எங்க வம்சத்துல இப்படி யாருமில்ல. எல்லாம் உன் வயித்துக் கோளாறு" என்றாள் மாமியார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த புருஷன் அடுத்த மாதமே அம்மா வீட்டோடு போய்ச் சேர்ந்துகொண்டான். அந்த மகராசனுக்குச் சொல்லிக்கொண்டு போகக்கூட மனசு வரவில்லை.

மூன்று வருஷமாக ஒரே அறையில் அவளும் மகளும்தான். பகலில் பக்கத்து அறைத் தையல்காரி குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். பட்டறையில் யாராவது விசாரித்தால், "ஓடியாடி விளையாடுறா" என்பாள் அக்கா. மேலும் பொய் சொல்ல வேண்டிவருமோ என்று பயந்தே பேச்சைக் குறைத்துக்கொண்டாள். எல்லாம் என் வயிற்றால் வந்ததா என்ற கேள்வி அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

போன மாதம் மகளின் பரிசோதனைக்குப் போனபோது கேட்டேவிட்டாள்.

"நான் என்ன தப்பு பண்ணேன் டாக்டர்?"

"ஒரே காரணம்னு சொல்ல முடியாதும்மா. சத்தான சாப்பாடு இல்லாதது ஒண்ணு. ஃபோலிக் ஆசிட் சத்து மாத்திரைய கரு தங்குறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும். உங்கிட்ட யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல."

"யாருமே சொல்லாதது எப்படி உன் தப்பாகும்? செருப்புப் பட்டறையில பசை ஒட்டுற வேலைன்னு சொன்னியே, அந்த வாடையும் கர்ப்பிணிக்கு நல்லதில்ல. கூட வேலை செய்றவங்க பிள்ளைங்கல்லாம் எப்படி இருக்காங்க?"

"நல்லாத்தான் இருக்காங்க" என்றாள். பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது, அந்தப் பிள்ளைகளில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பசை மேஜையில் தன் பக்கத்தில் உட்காருகிறவளின் வீட்டுக்குப் போனாள். கதவு பாதிதான் திறந்தது.

"பையன் தூங்குறான்க்கா. அப்புறமா வாங்களேன்" என்று வழியை மறித்து நின்றாள் அவள். பிறகு, அக்காவின் இடுப்பிலிருந்து துவண்டு தொங்கும் குழந்தையின் கால்களைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எத்தன வயசு?"

"மூணு."

கதவை முழுக்கத் திறந்தாள். பாயில் உட்கார்ந்திருந்த பையன் நிமிர்ந்து சிரித்தான். மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது.

"இவனுக்கு நாலு" என்றாள் அவள். "ஆறு வருஷமா முழங்கை இடிக்க இடிக்க பக்கத்துலயே உக்காந்திருக்கோம். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா."

"நீ சொன்னியா?" என்றாள் அக்கா.