ஏழாம் நம்பர் கட்டில்

"சும்மா கதை விடாதீங்க" என்று சொல்லப்போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். என் இடது கைச் சுண்டுவிரல் இன்றைக்கும் மடங்காது. போன மார்ச் பதினொன்றாம் தேதி, பட்டப்பகலில் அது உடைந்தது. யார் உடைத்தது என்றுதான் எழுதப் போகிறேன்.

நானும் என் மச்சானும், அதாவது என் மனைவியின் தம்பியும், கப்பலேறி ஒரு தீவைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தோம். இருபது நாளில் அவனுக்குக் கல்யாணம். "ஏங்க, அவன் மேல ஒரு கீறல் விழாம கூட்டிட்டு வரணும்" என்று சொல்லித்தான் மனைவி அனுப்பினாள். நானும் பெரிய இவன் மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

துறைமுகத்துக்குப் பின்தெருவில் ஹாஸ்டல். கையைக் கடிக்காத வாடகை. ஓர் அறையில் எட்டு இரும்புக் கட்டில்கள், கீழே ஒன்று, அதன் மேலே ஒன்று. எங்களுக்கு மூன்றும் நான்கும். நான்கு மேல்கட்டில். மச்சான் நூற்றுப்பத்து கிலோ.

"மாமா, நான் மேல ஏறினா கட்டிலே உங்க மேல இறங்கிடும்."

எதிரே ஏழாம் நம்பர் கீழ்க்கட்டில். அதில் ஒரு நீலத் துண்டு விரித்திருந்தது. ஹாஸ்டலில் துண்டு கிடந்தால் அந்தக் கட்டிலுக்கு ஆள் உண்டு என்று அர்த்தம்.

"ஆளு வந்து சண்டை போட்டா?"

"குளிக்கப் போயிருப்பான் மாமா. வந்தா எந்திரிச்சுக்கறேன்."

துண்டை எடுத்து எட்டாம் நம்பர் மேல்கட்டிலில் வீசினான். காய்ந்து விறைத்த துண்டு. படுத்ததும் குறட்டை.

மற்றவர்கள் எல்லாரும் கடற்கரையில். ஜன்னலில் கண் கூசும் வெயில்.

மணி 2:10. டப்... டப்... தண்ணீர் சொட்டியது. மேல்கட்டிலிலிருந்து, அந்தத் துண்டிலிருந்து.

2:14. மச்சானுக்கு மேலே இருந்த பலகை கீழே வளைந்தது... மெதுவாக. யாரோ புரண்டு படுத்த மாதிரி. எழுந்து எட்டிப் பார்த்தேன். துண்டு மட்டும்தான் கிடந்தது.

"மச்சான்... எந்திரிடா."

உலுக்கக் கையை நீட்டினேன்.

2:17. மேல்கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கிலிருந்து ஒரு கை இறங்கியது. ஊறி வெளுத்த கை.

அவன் முடியைப் பிடித்தது.

இரும்புச் சட்டத்தில் அடித்தது. தொம்.

மறுபடியும்... தொம்.

சுவரெல்லாம் ரத்தம். "மாமா!" என்று ஒரே அலறல். அடுத்த நொடி அந்தக் கை கழுத்தில்.

விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். என் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் ஒடித்தது. சடக்!

மச்சானுக்குக் கண் செருகியது.

மணிக்கட்டைக் கடித்தேன். பல் இறங்கியது. உப்பு...

விடவில்லை.

தரையில் கிடந்த லாக்கர் பூட்டு கைக்குச் சிக்கியது. ஓங்கி அடித்தேன். மூன்று... நான்கு...

எலும்பு முறிந்தது.

விட்டது.

மச்சானைத் தரதரவென்று வராந்தாவுக்கு இழுத்து வந்தேன். ரிசப்ஷன் பெண் ஓடி வந்தாள்.

"யாரு சார் அடிச்சது?"

"அந்த ஏழாம் நம்பர்காரன்!"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். "சார்... அவரு நீந்தப் போய் மூணு நாளாச்சு, இன்னும் திரும்பல. துண்டு கிடந்ததால கட்டில யாருக்கும் தரல."

மச்சான் பிழைத்தான். தலையில் பதினான்கு தையல். கட்டுப்போட்ட தலையோடுதான் கல்யாணம் நடந்தது. மனைவி என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

ஆனால் அன்று மாலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் என்னிடம் விசாரித்தார். மணிக்கட்டைக் கடித்ததைச் சொன்னதும் பக்கத்தில் நின்ற டாக்டருக்கு முகம் மாறியது. என்னைப் பிணவறைக்குக் கூட்டிப் போனார்.

"இந்த ஆளு காலைல பதினோரு மணிக்குக் கரை ஒதுங்கினாரு. உங்க ஹாஸ்டல்தான்னு இப்பதான் தெரிஞ்சுது. நானே உடம்பப் பார்த்து ரிப்போர்ட் எழுதினேன். அப்போ கையில ஒரு காயமும் இல்ல."

துணியை விலக்கினார். வலது மணிக்கட்டு முறிந்து தொங்கியது. மேலே பல் தடம்.

"தூக்கிட்டு வரும்போது எங்கயாவது பட்டிருக்கும் சார்..." என்றேன்.

"செத்த உடம்புல எலும்பு உடையலாம். ரத்தம் கட்டாது."

குனிந்து பார்த்தேன். மணிக்கட்டைச் சுற்றிக் கருநீலமாக ரத்தம் கட்டியிருந்தது.