பந்து அறையின் சாவி

அந்த வருஷம் எங்கள் தொழிற்சாலையின் கால்பந்து அணி லீக்கில் ஒரு ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை. கடைசி ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கிக்கொண்டு திரும்பிய பையன்களிடம், மறுநாள் காலை ஐந்தரை மணிக்குப் பயிற்சி என்று கோச் சொன்னார். சீசன் முடிந்துவிட்டதே என்று ஒருவன் கேட்டான். "தோத்தவனுக்கு நாளைக்கே சீசன் ஆரம்பம்" என்றார். அப்போது நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நல்ல பேச்சு என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. புனேயிலிருந்து கடக்வாஸ்லா போகிற சாலையில் பாதி தூரத்தில் உள்ளே திரும்பினால் எங்கள் தொழிற்சாலை, அதை ஒட்டிக் குடியிருப்பு, அதற்குப் பின்னால் ஓடை, ஓடைக்கரையில் மைதானம். நான் நிர்வாக அலுவலர். கூடுதலாக விளையாட்டுக் குழுவின் செயலாளர் என்ற பதவியும் என் தலையில் இருந்தது. விளையாட்டு எதுவும் எனக்குத் தெரியாது. கும்பகோணத்தில் கணிதம் படித்துவிட்டு வேலைக்கு வந்தவன் நான்.

கோச் வியாசர்பாடிக்காரர். ராணுவ அணியில் ஆடியவர், பிறகு எங்கள் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து அணியைப் பார்த்துக்கொண்டார். ராணுவத்தில் பயிற்சி தருபவரைக் கூப்பிடுகிற மாதிரி பையன்கள் அவரை உஸ்தாத் என்றார்கள். நான் மாஸ்டர் என்பேன். தினமும் எல்லோருக்கும் முன்னால் மைதானத்துக்கு வந்து, அடியில் ஓட்டை போட்ட டப்பாவில் சுண்ணாம்பை நிரப்பி, எல்லைக் கோடுகளைத் தானே போடுவார். ஆட்டம் இல்லாத நாளிலும் போடுவார். ஒரு நிமிஷம் தாமதமாக வந்தவன் அப்படியே திரும்பி வீட்டுக்கு ஓடிப்போய், வாசலைத் தொட்டுவிட்டு மறுபடி ஓடி வர வேண்டும். பையன்கள் திட்டுவார்கள், ஆனால் ஓடுவார்கள்.

ஏன் தோற்றோம் என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன்.

"பந்து எவன் கால்ல கீதோ அவன் மட்டும்தான் சார் ஆட்றான். மத்த பத்து பேரும் டிக்கெட் வாங்காம மேட்ச் பாக்கறானுங்க" என்றார்.

பொது மேலாளருக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. அணி அவருக்கு வீண் செலவாகத் தெரிந்தது. கோச்சை நீக்கினால் யூனியன் வரும், விசாரணை வரும். அதனால் என்னைக் கூப்பிட்டு, "ஃபைல் எதுவும் வேண்டாம். அவராகவே போகிற மாதிரி செய்யுங்கள்" என்றார். அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இந்த வாக்கியத்தின் அர்த்தம் தெரியும். ஒரு மனிதனை வெளியே தள்ளத் தேவையில்லை. அவன் வேலை செய்யத் தேவையானதை எடுத்துவிட்டால் போதும்.

நான் பந்து அறையைப் பூட்டினேன். சரக்குச் சரிபார்ப்பு என்று ஒரு தாளில் எழுதி கதவில் ஒட்டினேன். சாவியை என் மேஜை டிராயரில் போட்டேன். உள்ளே எட்டுப் பந்துகள், வலைகள், ஒரு காற்றடிக்கும் பம்பு. எண்ணி முடிக்க ஐந்து நிமிஷம் ஆகும்.

ஒரு வாரம் கழித்து அவர் வந்தார். "சார், ஒரு பந்து போதும். பழசா இருந்தாலும் பரவால்ல."

"சரிபார்ப்பு முடியட்டும் மாஸ்டர்."

இரண்டு மாதம் ஆனதும் மறுபடி வந்தார். "எட்டு பந்து சார். இன்னா சார், ரெண்டு மாசமா எண்ணிக்கினே கீறீங்க. நான் வேணா விரல் தரட்டுமா?"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் கேட்க வரவில்லை. ஒரு பையன் கடையிலிருந்து சொந்தக் காசில் பந்து வாங்கி வந்தானாம். டீம் பந்தை டீம்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அதைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அத்துடன் பயிற்சி நின்றிருக்கும், சீக்கிரம் ராஜினாமா வரும் என்று காத்திருந்தேன்.

டிசம்பரில் ஒரு காலை என் அறை பியூன் டீ கொண்டு வந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றான். "சாஹேப், உஸ்தாத் வேடா ஜாலா" என்றான். உஸ்தாதுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்கிறான். அவன் முகத்தில் கேலி இல்லை. "பையன்களுக்கும்தான்" என்று சேர்த்துக்கொண்டான்.

மறுநாள் விடிகிற நேரத்தில் மைதானத்துக்குப் போனேன். ஓடையிலிருந்து பனி எழும்பி, கோல் கம்பங்களின் மேல்பாதி மட்டும் தெரிந்தது. உள்ளே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பூட்ஸ் சத்தம், மூச்சு, "லெஃப்ட், லெஃப்ட்", "ஆனே தே", வரட்டும் விடு, என்ற கூச்சல். பந்து பனியில் மறைந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். எவனோ பூட்டை உடைத்துவிட்டான் என்று கோபம்கூட வந்தது.

பிறகு ஒருவன் கோட்டோரம் வந்து நின்று, வெறும் கைகள் இரண்டையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் எறிந்தான். பத்தடி தள்ளி இன்னொருவன் மார்பில் வாங்கி, காலுக்கு இறக்கி, திரும்பினான். அவன் திரும்பியபோது மற்ற எல்லாத் தலைகளும் சேர்ந்து திரும்பின. ஒரே இடத்தை நோக்கி. அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கோல்கீப்பர் பாய்ந்தான், தவறவிட்டான், சேற்றிலிருந்து எழுந்து கம்பத்துக்குப் பின்னால் இருந்த புதருக்குள் போனான். எல்லோரும் இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தார்கள். "சீக்கிரம் கொண்டா, முள்ளு குத்திடுச்சா?" என்று ஒருவன் இந்தியில் கத்தினான். அவன் வெறுங்கையோடு வந்தான். வந்து, கீழே வைத்து, உதைத்தான்.

பந்து இல்லாமல் இடம் பழகுவது கால்பந்தில் உள்ள பயிற்சிதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்று எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அடுத்து நடந்ததற்கு அது உதவியிருக்காது.

ஆட்டம் என் பக்கமாக வந்தது. ஒருவன் ஓடிவந்து என்னிடமிருந்து மூன்றடியில் நின்றான். சாதாராவைச் சேர்ந்த பையன், வெல்டிங் பிரிவில் வேலை செய்தவன், அணியின் கேப்டன். என் முகத்தைப் பார்க்காமல் என் வலது காலணியையே பார்த்தான். எல்லோரும் அதையே பார்த்தார்கள். பனிக்குள்ளிருந்து கோச்சின் குரல் வந்தது.

"சார், கால்கிட்ட நிக்குது. தள்ளி வுடுங்க."

நான் சிரித்தேன். யாரும் சிரிக்கவில்லை. காத்திருந்தார்கள். நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். ஏன் நகர்ந்தேன் என்று முப்பது வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் இல்லாத இடத்துக்கு யாரும் வழி விட மாட்டார்கள். நான் விட்டேன். பையன் குனிந்து என் கால் இருந்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போனான்.

கோச் பக்கத்தில் வந்து, பழக்கம் விடாமல் சலாம் வைத்தார். "ரூல் போட்டுக்கீறேன் சார். பந்து எங்கன்னு கேட்டா ரெண்டு ரவுண்டு. பந்து இல்லன்னு சொன்னா வூட்டுக்கு. இப்ப பதினோரு பேரும் ஆட்றானுங்க பாருங்க. இன்னும் ஒரே ஒரு சீசன் குடுங்க சார், எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அன்று காலையே அலுவலகத்தில் உட்கார்ந்து குறிப்பு எழுதினேன். பயந்திருந்தேன் என்பது உண்மை. அந்தப் பயம் பொது மேலாளருக்குப் பயன்படும் என்று எனக்குத் தெரிந்திருந்தது என்பதும் உண்மை. 'இல்லாத பந்தை வைத்துப் பயிற்சி தருகிறார், இருப்பதாகவே பேசுகிறார், ஊழியர்களையும் நம்ப வைக்கிறார், மருத்துவப் பரிசோதனை தேவை' என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம். நல்ல ஆங்கிலம். பந்து அறையைப் பூட்டியவன் நான் என்று அதில் ஒரு வரியும் இல்லை.

தொழிற்சாலை மருத்துவர் மென்மையான மனிதர். கேப்டனும் கோல்கீப்பரும் திரைக்கு அப்பால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அலுவலர் என்ற முறையில் உள்ளே இருந்தேன். பேச்சு இந்தியில் நடந்தது.

"பந்து இல்லாமல் ஆடச் சொல்கிறீர்களாமே?"

"பந்து வைத்துத்தான் ஆடுகிறோம், டாக்டர் சாப்."

"என்ன பந்து?"

"ஐந்தாம் நம்பர் சைஸ்."

மருத்துவர் பேனாவை மூடினார். "அது யார் கண்ணுக்குத் தெரிகிறது?"

"பதினோரு பேருக்கும் தெரிகிறது." சற்று யோசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சாருக்கும் ஒரு தடவை தெரிந்தது. ஒதுங்கிக்கொண்டார்."

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். அந்த நேரத்தில் ஒரு வாக்கியம் போதும். சாவி என் டிராயரில் இருக்கிறது, அதனால்தான் இவர் இப்படிச் செய்தார் என்று சொன்னால் போதும். நான் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொன்னேன்.

வெளியே வராந்தாவில் அவரை மெதுவாகக் கேட்டேன். "ஏன் மாஸ்டர், பந்து அறை பூட்டியிருக்குன்னு நீங்க ஏன் சொல்லல?"

"பசங்க கேட்டுக்கினு இருந்தானுங்க சார். பந்து இல்லன்னு சொன்னவன் வூட்டுக்குன்னு நான்தான சொன்னேன். நானே எப்டி சொல்றது?" என்றார். பிறகு, "சாவி உங்க டிராயர்லதான கீது? தொறக்கறப்பல்லாம் சலங்க மாறி சத்தம் வருமே சார். மொத நாளே தெரியும்" என்றார். குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் நான் இதை மறந்திருப்பேன்.

ஓய்வு தேவை என்று மருத்துவர் எழுதினார். விருப்ப ஓய்வுத் தாள்களை நானே எடுத்துப்போனேன். மாஸ்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு, கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இது டீம் விசில். ரசீது குடுங்க சார்." கொடுத்தேன். அடுத்த சீசனுக்கு அணியைப் பதிவு செய்யும் படிவத்தைக் கடைசித் தேதி தாண்டும்வரை சாவிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அணி என்று ஒன்று காகிதத்தில் இல்லாமல் போனது.

ஆனால் பயிற்சி நிற்கவில்லை என்று பியூன் சொன்னான்.

ஜனவரி முடிவதற்குள் ஒரு நாள் பந்து அறையைத் திறந்தேன். எட்டும் சுருங்கிக் கிடந்தன. ஒன்றை எடுத்துக் காற்றடித்து, விடியும்போது மைதானத்துக்குக் கொண்டுபோனேன். அன்றும் பனி. கோடுகள் புதிதாகப் போடப்பட்டிருந்தன, சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருந்தது. யார் போட்டார்கள் என்று தெரியவில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நான் பந்தை உள்ளே உருட்டிவிட்டேன். அது பனிநீரில் ஒரு கறுப்புக் கோடு இழுத்துக்கொண்டு போய் நடுவட்டத்துக்கு அருகில் நின்றது.

யாரும் அதைப் பார்க்கவில்லை. ஒருவன் ஓடும்போது, வழியில் கிடக்கும் கல்லைத் தாண்டுவதுபோல அதைத் தாண்டினான். ஆட்டம் அதைச் சுற்றிப் போனது, வந்தது. திடீரென்று எல்லோரும் நின்றார்கள், விசில் ஊதினால் நிற்பதுபோல. விசில் என் டிராயரில் இருந்தது. கோச் வழக்கமாக நிற்கிற மூலையை நோக்கிப் பதினோரு பேரும் திரும்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். ஒருவன் தலையை ஆட்டினான். பிறகு ஆட்டம் மறுபடி தொடங்கியது.

கேப்டன் கோட்டருகே வந்தபோது சொன்னேன். "பந்து கொண்டுவந்திருக்கிறேன். இனிமேல் அறை திறந்தே இருக்கும்."

அவன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான். "ஹமாரே பாஸ் ஹை, சாப்." எங்களிடம் இருக்கிறதே என்றான். அப்புறம் கண்ணை என் இடது காலுக்கு இறக்கினான். மற்றவர்களும் இறக்கினார்கள்.

இந்தத் தடவை நான் நகரவில்லை. காலை ஓங்கி, அவன் பார்த்த இடத்தில் உதைத்தேன். அவன் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு, "லாக்லா நாஹி, சாஹேப்" என்றான். படவில்லை. குனிந்து, என் காலுக்கு ஒரு சாண் தள்ளி இருந்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு ஓடினான்.

அந்தக் கோடையில் சிலரை வேறு ஊருக்கு மாற்றினார்கள், சிலர் வேலையை விட்டார்கள். நான் ஓய்வு பெற்று, புனேயிலேயே விமான் நகரில் மகளோடு வந்து தங்கினேன். தொழிற்சாலை மூடியது. மைதானத்தைச் சிமெண்ட் போட்டுச் சமன் செய்து, பக்கத்தில் எழும்பிய கணினி நிறுவனக் கட்டடத்துக்கு வண்டி நிறுத்தும் இடமாக்கினார்கள். அதை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்த வாரம்தான் வியாசர்பாடிக்கே திரும்பிப் போயிருந்த மாஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். சாவி, குறிப்பு, மருத்துவரிடம் சொன்ன பொய், படிவம், எல்லாவற்றையும் எழுதி மன்னிப்புக் கேட்டேன்.

அவருடைய மகள் ஓர் அஞ்சலட்டையில் பதில் போட்டிருந்தார். அப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார், வேறொன்றும் சொல்லவில்லை, ஒன்றை மட்டும் கேட்டு எழுதச் சொன்னார். கிரவுண்டில் கோடு யார் போடுகிறார்கள்?

மூன்று நாள் அந்த அட்டை என் மேஜைமேல் கிடந்தது. அங்கே வரிசை வரிசையாக வெள்ளைக் கோடுகள் இருந்ததை நான் பார்த்திருந்தேன், ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் ஒரு கார் நின்றது. கடைசியில் அவருக்கு ஒரே வரி எழுதினேன். கோடு இன்னும் போடுகிறார்கள், மாஸ்டர்.

கார்களைப் பற்றி எழுதவில்லை. அவரைப் பற்றி நான் எழுதிய முதல் குறிப்பைப் போலவே, இதிலும் ஒன்றை விட்டுவிட்டேன்.