ரோமாபுரிக்கு வழி சொன்னவர்

யுத்தம் முடிந்த மறு வருஷம், நானும் என் மனைவியும் புதுக்கோட்டையிலிருந்து விராலிமலைக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். அன்னவாசலுக்கு முன்பே பஸ் நின்றுவிட்டது. பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ் அது; டிரைவர் அதன் கரியடுப்பைக் கிளறிக்கொண்டிருக்க, எல்லோரும் இறங்கி நின்றோம்.

எங்களோடு இத்தாலியில் சண்டை போட்டுத் திரும்பிய சிப்பாய் ஒருவர் இருந்தார். ஒல்லியான உடம்பு, கழுத்தில் ஜெபமாலை. அங்கே பார்த்த ஊர்களையும், ரோமாபுரிப் பெரிய கோயிலின் குவிந்த கூரைக்குள் படியேறி உச்சிக்குப் போனதையும் பற்றி, நாளைக்கே கிளம்பப் போகிறவர்களுக்குச் சொல்வதுபோல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகி ஒரு வருஷமாக என்னிடம் அதிகம் பேசாத என் மனைவி, "ரோமாபுரிக் கோயில் உச்சிக்குப் பொம்பளைங்களும் ஏறலாமாண்ணே?" என்றாள்.

"தாராளமா ஏறலாம் தங்கச்சி. காலையிலயே போயிருங்க, கூட்டமிருக்காது. மேல போகப் போகச் சுவரு சாயும். நீங்களும் இப்பிடிச் சாஞ்சுக்கிட்டே ஏறணும்" என்று உடம்பைச் சாய்த்துக் காட்டினார்.

அவளும் சாய்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். அப்படியொரு சிரிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

பஸ் மறுபடி கிளம்பி, அன்னவாசலில் அவர் இறங்கிப் போனதும், "நாம என்ன போகவா போறோம்? எதுக்கு அம்புட்டுக் கேள்வி?" என்றேன்.

"நானும் போவேன்னு நெனச்சுத்தானே அந்த அண்ணன் சொன்னாரு" என்றாள்.

பெயர்கூடத் தெரியாத அந்த மனிதர்மேல் எனக்கிருந்த பொறாமை இன்னும் தீரவில்லை.