ஷாலினியின் நோட்டில் பொய் இல்லை

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஷாலினிக்குப் பதினைந்து வயது. பன்னிரண்டு வயதிலிருந்து சர்க்கரை நோய். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டால்தான் அவள் உயிரோடு இருக்க முடியும்.
2. போன ஜனவரியில், பொங்கலுக்கு முந்தின வாரம், அவள் சர்க்கரை நானூறைத் தாண்டியது. பிறகு இறங்கவே இல்லை.
3. டாக்டர் இரண்டு முறை மருந்தின் அளவைக் கூட்டினார். அப்போதும் இறங்கவில்லை.
4. ஒவ்வொரு ஊசியையும் எழுதி வைக்கும் அவள் நோட்டில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.
5. அதனால் அவள் பொய் எழுதுகிறாள் என்று முடிவு செய்தோம். முதலில் முடிவு செய்தது நான்.
6. அவள் பொய் எழுதவில்லை.

ஆறாவதை எழுத எனக்கு இத்தனை மாதம் ஆனது. சபையில் என்னோடு சேர்ந்து இந்தப் பிள்ளைக்காக ஜெபித்தவர்களுக்கு முழுவதும் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நான் நீலகிரியில், அருவங்காட்டில் வளர்ந்தவள். நர்சிங் முடித்து, சர்க்கரை நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுப்பதற்காகக் கோயம்புத்தூரில் தனியாகப் படித்தேன். ஊட்டியில் ஒரு சிறிய மருத்துவமனையில் வேலை. சனிக்கிழமை தோறும் ஒன்பது பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். எல்லாரும் பதின்மூன்றிலிருந்து பதினேழு வயதுக்குள். அம்மா பக்கத்தில் இல்லாமலே விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும், தானே ஊசி போட வேண்டும், எழுதி வைக்க வேண்டும். அதற்காகப் பன்னிரண்டு விதிகளை அதற்கு முந்தின மாதம்தான் அச்சடித்துக் கொடுத்திருந்தேன். கோயம்புத்தூரில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே இறக்கியது. நான்காவது விதி, இன்சுலினை எப்போதும் குளிர்ச்சியான இடத்தில் வை. ஐந்தாவது, போடுவதற்கு முன் பாட்டிலை உள்ளங்கையில் உருட்டு.

பொங்கல் முடிந்து வந்த சனிக்கிழமை வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"ஷாலினி, ஊசி உனக்குப் போடறியா, இல்ல நோட்டுக்குப் போடறியா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"போட்டேங்க்கா."

"அப்புறம் எப்படி நானூத்தி முப்பது?"

"தெரியலைங்க்கா. நீங்க சொன்னபடிதான் எல்லாம் செய்யறேன்."

வெளியே அவள் அம்மா செல்வி காத்திருந்தார். எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். என்னைத் தனியே கூப்பிட்டு, "எனக்கும் சந்தேகந்தாங்க சிஸ்டர். பொங்கலன்னைக்கு வெல்ல டப்பா மூடாம கெடந்துச்சு" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஷாலினி வரவில்லை. போனை எடுக்கவில்லை. இன்சுலின் உள்ளே போகாத பிள்ளைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தினமும் காலையில் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, அவளை உண்மை பேச வையும்" என்றே ஜெபித்தேன். வேறு வார்த்தை எனக்கு வரவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து பெண்கள் ஜெபக் குழுவிலும் இதையே சொன்னேன். எல்லாரும் ஜெபித்தார்கள். எழுந்து வரும்போது என் சிநேகிதி மேரி கேட்டாள்.

"அந்தப் புள்ள ஊட்டுக்குப் போய்ப் பாத்தியா?"

"இல்ல."

"ஆண்டவர் போய்ப் பாத்துட்டு வந்து உன்கிட்ட ரிப்போர்ட் குடுக்கணுமா? பஸ்ஸு ஓடுதில்ல?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினேன்.

அவர்கள் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீடுகள் ஒரு பள்ளத்தில் இருக்கின்றன. இறங்கும்போது புல்லெல்லாம் உறைபனி. தேயிலையின் மேல் இலைகள் கருகிக் கிடந்தன. செல்வி கூடையோடு வாசலில் நின்றார். "காலைல இருந்து வாந்திங்க. லீவு கேக்கத்தான் கெளம்பறேன்" என்றார்.

ஷாலினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு வேகமாக இருந்தது. அதில் பழ வாடை அடித்தது. இன்சுலின் இல்லாமல் இரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கிறது என்று அந்த வாடையே சொல்லிவிட்டது.

"ஊசி போட்டியா?"

"இனிமேத்தாங்க்கா."

எழுந்து ஜன்னலைத் திறந்தாள். வெளியே கம்பியில் கட்டியிருந்த சின்ன டிபன் டப்பாவை எடுத்தாள். மூடிமேல் வெள்ளையாகப் பனி. ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளில் மீன் மிஞ்சினால் எங்கள் மலையில் இப்படித்தான் வெளியே வைப்போம். என் அம்மாவும் வைத்திருக்கிறார்.

டப்பாவுக்குள் இன்சுலின் பாட்டில். கவிழ்த்தேன். மருந்து அசையவில்லை.

"கட்டியாத்தான் இருக்குங்க்கா" என்றாள். "அடுப்புப் பக்கம் கொஞ்சம் வெச்சு, இளகினப்புறம் உருட்டுவேன். நீங்க சொன்ன மாதிரி."

ஒருமுறை உறைந்த இன்சுலினை நம்ப முடியாது. உருகினாலும் அது வேலை செய்யாது. மூன்று வாரமாக அந்தப் பிள்ளை கிட்டத்தட்ட தண்ணீரை ஊசியில் ஏற்றிப் போட்டிருக்கிறாள். ஒரு வேளைகூடத் தவறாமல். என் நான்காவது விதிப்படி. என் ஐந்தாவது விதிப்படி. உறைய விடாதே என்று என் பன்னிரண்டில் எங்கும் இல்லை. இந்த மலையில் வளர்ந்த எனக்கே அது தோன்றவில்லை.

உடனே வண்டி வேண்டும் என்றேன். செல்விதான் ஓடிப் போய் எஸ்டேட் ஜீப்பைக் கூட்டி வந்தார்.

ஜீப்பில் ஷாலினி என் மடியில் கிடந்தாள். கூப்பிட்டால் கண் திறந்தாள், பிறகு திறக்கவில்லை. "ஆண்டவரே, அவள் உண்மைதான் பேசினாள். நான்தான் கேட்கவில்லை. அவளை எடுத்துக்கொள்ளாதேயும்" என்றேன். அன்றுவரை நான் செய்த ஜெபங்களில் அது ஒன்றுதான் சரியான ஜெபம்.

அவளை நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். மறுநாள் மத்தியானம் கண் விழித்து, "பசிக்குது" என்றாள். செல்வி அழுதார். நானும் அழுதேன்.

இன்னொன்றும் பிறகுதான் உறைத்தது. நான் அன்று போகாமல், புதுப் பாட்டில் மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு முறை கூட்டிய அளவில் நல்ல மருந்து உள்ளே போயிருக்கும். சர்க்கரை ஒரேயடியாக இறங்கித் தூக்கத்திலேயே போயிருப்பாள். கர்த்தர் இரண்டு பக்கமும் கதவை அடைத்து அவளைக் காத்தார்.

அடுத்த சனிக்கிழமை, அன்று சிரித்த மற்ற எட்டுப் பிள்ளைகள் முன்னால் நடந்ததைச் சொன்னேன். ஷாலினி பொய் சொல்லவில்லை, நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்தேன் என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. இப்போது விதிகளை நான் மேசையில் உட்கார்ந்து எழுதுவதில்லை. ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய், எங்கே வைக்கிறாய், காட்டு என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பிரியமானவர்களே, நான் கேட்டதற்கு நேர் எதிரான பதிலைத் தேவன் கொடுத்தார். அதுதான் ஒரு பிள்ளையைக் காப்பாற்றியது. நீங்களும் அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து போய்ப் பாருங்கள். தப்பு உங்கள் பக்கம் இருப்பதாகக் காட்டினாலும் அவரை நம்புங்கள்.

இன்றைய நிலவரம் இது. ஷாலினிக்கு நோய் குணமாகவில்லை. தினமும் இரண்டு ஊசி தொடர்கிறது. இன்று காலை சர்க்கரை நூற்று நாற்பத்தொன்று. பாட்டில் வீட்டுக்குள், அடுப்புக்கு எதிர்ச் சுவர் அலமாரியில் இருக்கிறது. வகுப்புக்குத் திரும்பி வந்துவிட்டாள். என்னோடு இன்னும் அதிகம் பேசுவதில்லை.