நூற்று ஒன்பது சொற்கள்

1941 ஜூன் 11, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். வெயில் ஏறிவிட்டது, இலை அசையவில்லை. விழுப்புரம் ஜங்ஷன் புத்தகக் கடை முன்னால் நானும் என் அக்காள் கணவரும் நின்றிருந்தோம். இன்டர்மீடியட் தேர்வு முடிவு வரும் நாள். சென்னைப் பேப்பரைச் சுமந்து வரும் ரயில் எங்கள் திண்டிவனத்தில் நிற்காது. அதனால் முந்தின வண்டியில் இருபத்துமூன்று மைல் வந்திருந்தோம்.

வரும்போதே மாமா பேசி முடித்துவிட்டார். "தேறிட்டா பி.ஏ.வும் படிக்க வெக்கிறேன், ஆனா இன்னிக்கு செலவு உன்னுது. தேறலைன்னா செலவு என்னுது. நாளையிலேர்ந்து என் மண்டில மல்லாட்டை மூட்டை எண்ணு." மாமா நடத்துவது வேர்க்கடலை மண்டி. டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த மூன்று ரூபாய் என் மடியில் இருந்தது.

நான் கணக்குக்காகவே கல்லூரியில் சேர்ந்தவன். ஆனால் எந்தப் பாடம் எடுத்தாலும் ஆங்கிலமும் தமிழும் எல்லாருக்கும் கட்டாயம். தமிழ்ச் செய்யுள் எனக்குப் பிடித்தே போயிற்று. ஆங்கிலம்தான் பயம். அதில் தவறினால் கணக்கில் நூறு வாங்கியும் பயனில்லை.

பயத்துக்குக் காரணம் இருந்தது. தேர்வில் ஒரு பத்தியைக் கொடுத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் கண்ணால் அளந்து எழுதினார்கள். நான் எண்ணினேன். முதல் தடவை 327 சொற்கள். சரிபார்த்தேன்: 325. மூன்றாம் தடவை 327. அதைச் சரியாக 109 சொற்களில் சுருக்கிவிட்டு நிமிர்ந்தால் மீதி பதினைந்து நிமிடம். கட்டுரை பதினோரு வரியோடு நின்றது.

பேப்பர் வந்தது. ஆங்கிலம் நீங்கலாக மற்றவற்றில் தேறியவர்களின் எண்கள் அடியில் தனியாக இருந்தன. என் எண் 2746. அங்கே மூன்று தடவை பார்த்தேன், இல்லை.

"மாமா, கணக்கும் போச்சு."

"கணக்குலயுமா? நீயா?" மாமா பேப்பரைப் பிடுங்கினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மூட்டைகளில் எழுதிய எண்களை வருஷக்கணக்காகப் பார்த்த விரல், மேலிருந்து இறங்கி ஓரிடத்தில் நின்றது. "ரெண்டு, ஏழு, நாலு, ஆறு. இது இன்னாடா?"

"அது முழுசா தேறினவங்க லிஸ்ட்டு மாமா."

"நீ அடியிலயே பார்த்துக்கினு கீறியே! மேல யாரு பாக்கறது?"

ஹால் டிக்கெட்டை எடுத்து நாலு தடவை ஒத்துப் பார்த்தேன். என் எண்தான். ஆங்கிலத் தாளைத் திருத்தியவர் எதற்கு மார்க் போட்டார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"பேப்பரை கசக்கிட்டீங்க. காசைக் குடுத்துட்டு அழுங்க," என்றார் கடைக்காரர்.

"யாரு அழுவுறது? இன்னொண்ணு குடுங்க," என்ற மாமா என் பக்கம் திரும்பினார். "உங்க அக்காளுக்கு, மாப்ளே."

"அக்காவுக்குப் படிக்கத் தெரியாதே?"

"நம்பரு தெரியும்ல!"

பிறகு பிளாட்பாரத்தில் கண்ணில் பட்டவருக்கெல்லாம் லட்டு கொடுத்தார். "எண்ணி பேஜாரு பண்ணாதடா, சிரி," என்றார். சிரித்துக்கொண்டே எண்ணினேன். இருபத்துநாலு, ஒரு போர்ட்டர் மட்டும் இரண்டு முறை கை நீட்டினார்.

இரண்டு பேருக்குப் போகவர டிக்கெட், இரண்டு பேப்பர், இரண்டு காப்பி, லட்டு. என் செலவு, மொத்தம் இரண்டு ரூபாய் இரண்டணா.